உடலின் இருவேறு வேகங்கள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மரபு மீறிய ஓட்டப் பயிற்சிகள்

நெடுந்தூர ஓட்டம் என்பது, இதயமும் நுரையீரலும் தசைகளுக்கு இடைவிடாமல் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் நிகழக்கூடிய, பொதுவாக 5 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நீளும் ஓட்டத்தைக் குறிக்கும். இதனைப் பிழைப்பாகவோ பதக்கத்துக்கான வழியாகவோ கொள்ளாமல், அலுவலகத்துக்கோ கடைக்கோ வயலுக்கோ போவதற்கு முன் கிடைக்கும் விடியற்பொழுதில் தம் மனநிறைவுக்காக ஓடுபவரை இவ்வுரை விருப்ப ஓட்டக்காரர் என்று குறிப்பிடுகிறது. அவருக்குப் பயிற்றுநர் இல்லை. தேர்வுக் குழுவோ சங்கமோ அவரிடம் கணக்குக் கேட்பதில்லை. ஆகவே வெறுங்காலில் ஓடுவது, வேண்டுமென்றே வெயிலில் ஓடுவது, மலைப்படிகளில் இறங்கி ஓடுவது, கடல் மணலில் ஓடுவது, மிக மெதுவாக ஓடுவது போன்ற வழக்கத்துக்கு மாறான முறைகளைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்க்கும் முழு உரிமையும், அச்சோதனை பிழைத்தால் விளையும் முழு இழப்பும் அவருக்கே உரியவை. இத்தகைய முறைகள் பெரும்பாலும் அவற்றின் அடிப்படைக் கருத்து தவறு என்பதால் தோற்பதில்லை. உடலின் வெவ்வேறு திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் பயிற்சிக்குப் பழகுகின்றன என்பதும், ஓடுபவர் அவற்றுள் மிக விரைவாகப் பழகும் உறுப்பின் வேகத்தையே உடல் முழுவதன் வேகமாக எண்ணிக்கொள்கிறார் என்பதும்தான் தோல்விக்குக் காரணம் என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இன்று பயிற்சி நூல்களில் மறுப்பின்றி இடம்பெறும் விதிகள் பலவும் ஒருகாலத்தில் மிகை என்றும் பித்து என்றும் கருதப்பட்டவை. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் 400 மீட்டர் தூரத்தைச் சிறு இடைவெளி விட்டுப் பல பத்து முறை திரும்பத் திரும்ப ஓடிப் பழகினார். கனத்த ராணுவக் காலணிகளோடும் ஓடினார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், அதுவரை அவர் ஒருமுறையும் ஓடியிராத மராத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற பிறகு அதே முறையை உலகம் ஆராயத் தொடங்கியது. ஆயினும் விருப்ப ஓட்டக்காரருக்கு ஜாட்டோபெக்கைவிட நெருக்கமான முன்னோடி நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் ஆவார்.

ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த லிடியார்ட், 1940களில் நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடி, தம் உடல் எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதை உணர்ந்தவர். எவ்வளவு தூரம் ஓடினால் உடல் வலுப்படும், எந்த அளவைக் கடந்தால் சோர்ந்து விழும் என்பதைச் சொல்லித்தர அன்று எவரும் இல்லாததால், அவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, வாரத்துக்கு 250 மைல், அதாவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வரை ஓடிப் பார்த்து, பிறகு வாரத்துக்கு 100 மைல் என்ற அளவுக்குத் திரும்பினார். 1953, 1955 ஆகிய ஆண்டுகளில் நியூசிலாந்தின் மராத்தான் வாகையர் ஆனார். அவர் பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் அவரிடம் பயின்றனர். 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்நெல்லும் வைடாருவா மலைச் சாலையில் 22 மைல் சுற்று ஓட வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு 1960 செப்டம்பர் 2 அன்று ரோமில் விடை கிடைத்தது; ஒரே மாலையில் ஸ்நெல் 800 மீட்டரிலும், அவருடைய தோழர் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். இவ்வரலாற்றைச் சொல்வோர் பதக்கங்களோடு நின்றுவிடுகின்றனர். லிடியார்ட் தம் முறையைப் பிறருக்குக் கற்பிக்கும் முன் அதைத் தம் உடலில் ஆண்டுக்கணக்கில் சோதித்தார் என்பதும், அவர் குறைத்துக்கொண்ட அளவுகளே கூட்டிய அளவுகளைவிட அவருக்கு அதிகம் கற்றுத்தந்தன என்பதும் பதக்கங்களைவிடக் கவனிக்கத் தக்கவை.

கனடாவின் எட் விட்லாக் இதைவிடவும் தெளிவான சான்று. ஓய்வுபெற்ற பொறியாளரான அவர், ஒன்றாரியோ மாகாணத்தின் மில்டன் என்ற சிற்றூரில் தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் குறுகிய பாதையிலேயே, சில காலங்களில் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை, மிக மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடிப் பயின்றார். பயிற்றுநர், தசை நீட்டல், எடை தூக்கல் என எதுவும் அவருக்கு இல்லை. 2004ஆம் ஆண்டு, 73ஆவது வயதில், டொராண்டோவில் மராத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடிகளில் முடித்தார். 2016இல் 85ஆவது வயதிலும் நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அவர் முறையை அப்படியே பின்பற்றினால் எல்லோருக்கும் அதே பயன் கிட்டும் என்று சொல்ல இயலாது. 1999இல் கிளோட் பூஷார் தலைமையிலான ஹெரிடேஜ் ஆய்வில் 481 பேர் 20 வாரம் ஒரே பயிற்சியை மேற்கொண்டபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. ஒருவருக்கு வாய்த்த முறை மற்றவருக்கு வாய்க்குமா என்பதை அந்த மற்றவரின் உடலில் சோதித்தே அறிய வேண்டியிருக்கிறது.

இனி வட்டாரத்துக்கு வருவோம். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டத்தில், சென்னை திருச்சி நெடுஞ்சாலையின் மேல் அமைந்த திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள தொலைவு மராத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. இவ்வூர்களின் ஏரிக்கரைகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் விடியலில் ஓடுவோரில் காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் முக்கியமானவர்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும், ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். ஆதலால் ஓட்டம் என்றாலே மூச்சு முட்ட ஓடுவது என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியுள்ளது. வேலை கிடைத்த பிறகும், வயது கடந்த பிறகும் ஓட்டத்தை விடாமல் தொடர்வோர் அதே எண்ணத்தோடு நாள்தோறும் ஒரே மிடுக்கில் ஓடுகின்றனர். உலகத் தர ஓட்டக்காரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மிக எளிய வேகத்தில் அமைந்திருப்பதைக் காட்டினார். அந்த வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிந்தால் போதும். விழுப்புரத்து மைதானத்தில் அவ்வாறு பேசிக்கொண்டே ஓடுபவர் சோம்பேறி என்று கருதப்படக்கூடும். ஆகவே வெளிநாட்டில் பொதுவிதியாகிவிட்ட மெதுவோட்டமே இவ்வட்டாரத்தில் மரபு மீறிய முறையாக நிற்கிறது. எல்லாச் சோதனைகளிலும் முதலில் செய்து பார்க்கத் தக்கதும் அதுவேயாகும்.

மெதுவோட்டத்துக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் உடலின் இருவேறு வேகங்களில் உள்ளது. புதிய பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தை வெளியேற்ற, சில வாரங்களில் ஓட்டம் எளிதாகிவிட்டது போன்ற உணர்வு உண்டாகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் எலும்பும் அவ்வாறு விரைவதில்லை. எலும்பின் மேல் புதிய சுமை விழும்போது, உடல் முதலில் பழைய எலும்பை அரித்து அகற்றி, அதன் பிறகே அவ்விடத்தைப் புதிய எலும்பால் நிரப்புகிறது. இச்சுற்று முழுமை பெற மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இதனால், மூச்சு சீராகி உற்சாகம் பெருகி, தூரத்தைக் கூட்டலாம் என்று மனம் தூண்டும் அந்த இரண்டாம் மாதத்திலேயே எலும்பு இடைக்கால நலிவில் இருக்கிறது. கெண்டைக்காலின் முன்னெலும்பிலும் பாத எலும்புகளிலும் காணப்படும் சுமை முறிவுகள், அதாவது ஒரே அடியால் அன்றித் தொடர் அழுத்தத்தால் விழும் நுண்ணிய விரிசல்கள், பெரும்பாலும் இக்காலத்தில் தோன்றுவதன் விளக்கம் இதுவே.

வெறுங்கால் ஓட்டத்தின் அண்மைக்கால வரலாறு இதற்கு நேரடிச் சான்று. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் நகரின் கல்பாவிய தெருக்களில் வெறுங்காலோடு மராத்தான் வென்றார். இந்தியாவின் சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் புகழ்பெற்றவர். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் மராத்தானில் 11ஆவது இடம் பெற்றார். 1978இல் ஜலந்தரில் அவர் பதிவு செய்த 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேசியச் சாதனையாக நீடித்தது. 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் ‘பார்ன் டு ரன்’ நூலும், 2010இல் ‘நேச்சர்’ இதழில் டேனியல் லீபர்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் வந்தபோது மேலைநாடுகளில் பெரும் அலை எழுந்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியோர் குதிகாலை ஊன்றாமல் பாதத்தின் முன்பகுதியை ஊன்றுவதால், தரையில் கால்படும் கணத்தில் எழும் திடீர் அதிர்வு குறைகிறது என்று அவ்வாய்வு காட்டியது. கருத்து சரியானதே. ஆனால் அதிர்வு மறைந்துவிடுவதில்லை. முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் பாத எலும்புகளுக்கும் சுமை இடம் மாறுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வார காலத்தில் சிறுகச் சிறுக மெல்லிய விரல் காலணிக்கு மாறிய 19 ஓட்டக்காரர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோப்பு, அதாவது எலும்பு தாங்கமுடியாத சுமைக்கு ஆளாவதன் முன்னறிகுறி, மிகுந்திருந்தது. பத்து வாரம் என்பது பொறுமையான கால அளவாகத் தோன்றலாம். எலும்பின் கணக்கில் அது ஒரு சுற்றுக்கும் குறைவு.

இவ்விடத்தில் விழுப்புரம் வட்டாரத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சிறுவயது முதல் வரப்பிலும் தெருவிலும் செருப்பின்றி நடந்து வளர்ந்தவர்களின் பாதம் இம்மாற்றத்துக்குப் பாதி ஆயத்தமாக உள்ளது. பள்ளிக்காலம் முதலே காலணிக்குள் இருந்து, வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் பாதம் அவ்வாறு இல்லை. ஒரே ஊரில், ஒரே வயதில், இருவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. வானூர் வட்டத்தின் செம்மண் மேட்டில் 1968இல் நிறுவப்பட்டு, வறண்டு கிடந்த அந்நிலத்தைக் காடாக்கிய ஆரோவில்லின் மண்பாதைகளிலோ, கருங்கல் ஜல்லி கலவாத ஏரிக்கரையிலோ, வீட்டில் வெறுங்காலில் நடப்பதைக் கூட்டுவதில் தொடங்கி, வழக்கமான ஓட்டத்தின் இறுதியில் சில நூறு மீட்டர் மட்டும் காலணியைக் கழற்றி ஓடி, ஓராண்டைக் கணக்கில் வைத்துக் கூட்டிச் செல்வதே எலும்பின் வேகத்தை மதிக்கும் வழி. சீமைக்கருவேல முள் இவ்வட்டாரத்தில் எங்கும் உண்டு என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி நிலுவையில் இருக்கக் கூடாது. நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்கள் இச்சோதனையை அறவே தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு முள் தைத்ததே தெரியாமல் போய்ப் புண் முற்றிவிடும்.

வெயிலில் ஓடுவது இதற்கு நேர்மாறான வகை; இங்கே உடல் விரைந்து பழகுகிறது. வெப்பத்தில் நாள்தோறும் ஓரளவு உழைத்தால், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிளாஸ்மா பெருகி, வியர்வை முன்னதாகவும் மிகுதியாகவும் சுரந்து, அதில் வெளியேறும் உப்பின் அளவும் குறைகிறது. 2010இல் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் வீரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, பத்து நாள் வெப்பப் பயிற்சி பெற்றவர்கள் குளிர்ந்த சூழலிலும் முன்னைவிடச் சிறப்பாகச் செயல்பட்டதைக் காட்டியது. குளிர்நாட்டு வீரர்கள் பணம் செலவழித்து வெப்ப அறைகளில் தேடும் இப்பயனை, திண்டிவனத்தில் பங்குனி மாதத்துக் காலை எட்டு மணி இலவசமாகத் தருகிறது. ஆயினும் அக்னி நட்சத்திர நாட்களில் இதைத் தொடங்குவது அறிவீனம். வெயிலில் ஓடும் ஒருவர் பேச்சுத் தடுமாறி, திசை தெரியாமல் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. அவரைக் கண்ட கணமே நிழலுக்குக் கொண்டுபோய், பம்புசெட் நீரோ தொட்டி நீரோ எது கைக்கெட்டுகிறதோ அதில் கழுத்துவரை அமிழ்த்தி, அல்லது உடல் முழுதும் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பும் அதன் பின்னரே பயணமும் என்ற வரிசை மாறக் கூடாது.

வெயிலோடு தொடர்புடைய வேறொரு சிக்கல் எல்லாச் சோதனைகளையும் பாதிப்பதால் அதைச் சற்று விரித்துக் காண்பது தகும். புரட்டாசியில் ஒருவர் ஏதோ ஒரு புதிய முறையைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். மார்கழியில் அவர் அதே ஏரிக்கரையை முன்னைவிட விரைவாகவும், குறைந்த இதயத் துடிப்போடும் சுற்றி வருவார். அவர் வேப்பம்பூ ரசம் குடித்ததாலோ, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டதாலோ, பின்னோக்கி ஓடிப் பழகியதாலோ இம்முன்னேற்றம் வந்தது என்று நம்புவதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருக்கும்; உண்மையில் குளிர்ந்த காற்றே அதைச் செய்திருக்கக் கூடும். வெப்பத்தில் உடல் தோலைக் குளிர்விக்கவும் ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. குளிர் வந்ததும் அச்சுமை நீங்குகிறது. மாறாக, மாசியில் ஒரு நல்ல முறையைத் தொடங்கியவர் சித்திரை வைகாசியில் தம் நேரம் மோசமாவதைக் கண்டு அதைக் கைவிடுவார். தமிழ்நாட்டின் ஓட்டக் குழுக்களில் வழங்கிவரும் பல நம்பிக்கைகளும் வெறுப்புகளும் இவ்வாறு பருவம் எழுதிய தீர்ப்புகளாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. இதற்கு மாற்று, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு இவ்வாண்டை ஒப்பிடுவது. அல்லது மருத்துவத்தில் ஒருவரையே கொண்டு செய்யும் ஆய்வுமுறைப்படி, புதிய முறையைச் சில வாரம் செய்து, சில வாரம் நிறுத்தி, மீண்டும் தொடங்கி, மாற்றம் அதனோடு சேர்ந்து வந்து சேர்ந்து போகிறதா என்று பார்ப்பது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தவருக்கு இவ்விரு வழிகளும் பயன்படமாட்டா.

செஞ்சிக் கோட்டையும் மரக்காணம் கடற்கரையும் இவ்வட்டார ஓட்டக்காரருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத களங்கள். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சியில், ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் படிகளில் ஏறுவது மூச்சைச் சோதிக்கும். ஆனால் உண்மையான பயிற்சி இறங்குவதில் உள்ளது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் அதன் நுண்ணிழைகள் சிதைந்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் கடும் வலி உண்டாகிறது. ஒருமுறை இவ்வலியைக் கடந்த தசை, அடுத்த பல வாரங்களுக்கு அதே சுமையால் அந்த அளவு சிதைவதில்லை என்பதால், நீண்ட பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பு மிதமாக ஒருமுறை இறங்கிப் பழகுவதில் பொருள் உண்டு. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே செல்ல இயலும். படிகளில் ஓடி இறங்குவதைவிட விரைந்து நடந்து இறங்குவதே முழங்காலுக்கும் பிற பார்வையாளருக்கும் நல்லது. மணலைப் பொறுத்தவரை, அதில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போல் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தனர். குறைந்த வேகத்தில் மிகுந்த உழைப்பு கிடைப்பது அதன் நன்மை, குதிகால் நாண் ஒவ்வோர் அடியிலும் ஆழ இழுபடுவது அதன் கேடு.

உணவு, நீர் பற்றிய புதுமைகள் மிகுதியாகப் பேசப்படினும் சுருக்கமாகக் கூறத் தக்கவை. வெறும் வயிற்றில் ஓடுவது மெதுவோட்டத்துக்குப் பொருந்தும், நீண்ட அல்லது விரைந்த ஓட்டத்துக்குப் பொருந்தாது. கடலை விளையும் திண்டிவனத்தின் கடலை மிட்டாயில் கொழுப்பு மிகுதியாதலால் அது ஓட்டத்துக்குப் பின் சிறந்தது. ஓட்டத்தின் நடுவே வெல்லமோ கருப்பட்டியோ விரைவாகச் செரிக்கும். தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியமை அதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது.

சோதனை செய்யும் உரிமை எல்லோருக்கும் சமமாக வாய்க்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியுள்ளது. நெடுஞ்சாலையின் இணைப்புச் சாலையில், எதிர்வரும் வாகனத்தின் ஒளி கண்ணைக் கூச, விடியலுக்கு முன் ஓடும் ஆண் ஒருவர் ஏற்கும் ஆபத்தை ஒரு பெண்ணிடம் எதிர்பார்க்க முடியாது. விளக்கில்லாத ஏரிக்கரை அவருக்கு ஓடுகளமே அன்று. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது; அதை முன்னெடுத்த அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் கால் பாதிக்கப்பட்ட பின் ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மராத்தான்களை நிறைவு செய்தவர். 2008இல் ஆரோவில்லில் தொடங்கிய மராத்தான், பரிசுத்தொகை இன்றி, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்ற கொள்கையோடு காட்டுப் பாதைகளில் நடத்தப்பட்டு, தமிழ்நாட்டின் விருப்ப ஓட்டக்காரர் பலருக்கு முதல் மராத்தானாக அமைந்தது. இத்தகைய பாதைகள் ஆண்டில் ஒரு நாள் மட்டும் அன்றி, ஒவ்வொரு நாளும் விடியலில் விளக்கோடும் காவலோடும் விழுப்புரம், திண்டிவனம் நகர்களின் ஏரிகளைச் சுற்றி அமையுமானால், மேலே கூறிய சோதனைகளுக்குத் தேவையான ஓராண்டுப் பொறுமையைப் பெண்களும், முதியோரும், இரவுப்பணி முடித்து வருவோரும் கடைப்பிடிக்க இயலும். நகராட்சிகள் ஏரிக்கரை மேம்பாட்டுக்கு ஒதுக்கும் நிதியில், கல் பதிக்காத இரண்டடி அகல மண்பாதை ஒன்றை ஓரமாக விட்டுவைப்பதற்குக் கூடுதல் செலவும் இல்லை.